‘யாரும் வரவில்லை’ என்று எழுதிய நோட்டு

ஹில்டா சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள், ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். மறுநாள் காலை நீதிமன்றம். அவள் மகள் ஜோசலினுக்கு அப்பா உண்டா இல்லையா என்பது அங்கே பேசப்படும். ஜோசலினுக்கு இரண்டு வயது. ஹில்டாவின் ஊசி நிற்கவில்லை.

சேலையூரில் அவளுடைய அந்த வீட்டில்தான் நான் முன்பு பதினோரு மாதம் வேலை பார்த்தேன். படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிப்பது என் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்தவள். ஹில்டாவின் மாமனார் ஜெபசீலன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பக்கவாதத்தில் கிடந்தார். புத்தியும் கலங்கியிருந்தது.

ஹில்டா தாய் தகப்பன் இல்லாதவள். பல்லாவரத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, தையல் கற்று, இருபத்தாறு வயதில் இங்கே மருமகளாக வந்தாள். கணவன் டெனிஸுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லித் தகப்பனோடு சண்டை போட்டான். வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்த சபையார் முன்னால், “இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஒரு மே மாதம் வெளியேறினான். ஹில்டா கூடப் போகவில்லை. “மாமாவுக்கு யார் கஞ்சி குடுப்பா?” என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மாமனார் இறந்தார். ஏப்ரலில் குழந்தை பிறந்தது. “நான் அந்த வீட்டுப் பக்கமே போகல. குழந்தை என்னோடது இல்ல” என்றான் டெனிஸ்.

ஹில்டா குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாள். வக்கீல் வேதசிரோமணி விளக்கினார். திருமணம் நிலைத்திருக்கும்போது பிறக்கும் பிள்ளை கணவனுடையது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மனைவி எதையும் நிரூபிக்க வேண்டாம். இல்லை என்பவன்தான், கரு உண்டான காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

டெனிஸ் காட்டியது என் நோட்டை. அதனால் என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

மருந்து, கஞ்சி, மலம், வந்து போனவர்கள் எல்லாம் தினமும் அதில் எழுதுவேன். நோயாளி இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னால் அதையும் எழுதி, பக்கத்திலேயே உண்மையையும் எழுத வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர் இறந்ததும் நோட்டைக் குடும்பத்திடம் கொடுத்தேன். சாவுக்கு வந்த டெனிஸ் அதை எடுத்துப் போயிருக்கிறான்.

அதன் நகலை ஹில்டாவின் தையல் மேசைமேல் விரித்து வாசித்தேன்.

‘ஜூலை 9. மனைவி வந்தாராம். ஈரப் புடவையோடு கால்மாட்டில் உட்கார்ந்தாராம். யாரும் வரவில்லை.’ அந்த அம்மாள் இறந்து அப்போதே பல வருடம்.

‘ஜூலை 11. மகன் ஜன்னலோரமாகப் போனானாம். யாரும் வரவில்லை.’

‘ஜூலை 14. மறுபடி மகன். இடது கையில் வெள்ளைக் கட்டாம். யாரும் வரவில்லை.’

எல்லாம் மத்தியானம் நாலு மணி வாக்கில் எழுதியவை. அந்த நேரம் எனக்கு நினைவிருந்தது. விமானப்படை விமானம் ஒன்று தலைக்குமேல் போய் மறைந்ததும் வீடு காது அடைத்ததுபோல் ஆகிவிடும். ஆளில்லாத பின்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். குளியலறை சோப்பு ஈரமாக இருக்கும். கூடத்தில் இயந்திர எண்ணெய் நெடி அடிக்கும். “சிஸ்டர், வந்துட்டுப் போயிட்டான்” என்பார் பெரியவர், உத்தரத்தைப் பார்த்தபடி. நான் நோட்டை எடுப்பேன்.

“அவர் வந்தார் ஆன்ட்டி” என்றாள் ஹில்டா. “ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு பின்கதவு வழியா வருவார். சபையில சொன்ன வார்த்தை, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு பைபிள்மேல கை வெச்சு சத்தியம் வாங்கினார். அதான் அப்ப யார்கிட்டயும் சொல்லல. இப்ப சொன்னா யாரும் நம்பல.”

“எனக்குத் தெரியாமலா?”

“உங்க குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குமே. அது கேட்டாத்தான் கேட்டைத் திறப்பார்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டூட்டியில் கண் அசராதவள் என்று சொல்லித்தான் ஏஜென்சி எனக்கு வீடு பிடித்துத் தருகிறது.

“இது என்ன கட்டு?” என்று பதினாலாம் தேதியைக் காட்டினேன்.

ஊசி நின்றது.

“அன்னிக்கு கம்பெனில ப்ரெஸ் மெஷின்ல மாட்டி பாதி விரல் போயிடுச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்கதான் வந்தார். மாமாகிட்ட நான் மூச்சு விடலையே ஆன்ட்டி.”

“நானும் சொல்லல. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

இருவரும் பெரியவரின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம். ஜோசலின் தலைமாட்டில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அது உருண்டு கால்மாட்டுக்குப் போனது. அவள் எடுக்கப் போகவில்லை.

“அந்தப் பக்கம் போகவே மாட்டா” என்றாள் ஹில்டா. மறுபடி பட்டனை எடுத்தாள்.

மறுநாள் காலை கூண்டில் ஏறினேன்.

“யாரும் வரவில்லைன்னு எழுதினது நீங்கதானே?” என்றார் டெனிஸின் வக்கீல்.

“நான்தான். ஆனா பார்த்து எழுதல. மூணு மணியிலேர்ந்து நாலு வரைக்கும் தினமும் தூங்கினேன். எழுந்ததும் எழுதினேன்.”

“புத்தி கலங்கினவர் சொன்னதை இப்ப நிஜம்ங்கறீங்களா?”

“கட்டு எந்தக் கையிலன்னு அவருக்கு யாரும் சொல்லல சார். பதினாலாம் தேதியை வாசிங்க.”

நீதிபதி வாசித்தார். டெனிஸின் இடது கை பேன்ட் பைக்குள் இருந்தது. வெளியே எடுக்கச் சொன்னார். மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

“என்னைக்கு அடிபட்டது? கம்பெனி ரெக்கார்டை வரவழைக்கலாம்” என்றார் நீதிபதி.

“ஜூலை பதினாலு” என்றான் டெனிஸ், தரையைப் பார்த்து. “அன்னிக்கு வந்தேன்.”

அவன் வக்கீல் என் பக்கம் திரும்பினார். “அப்ப செத்துப்போன அம்மா வந்ததும் உண்மையா?” பின்வரிசையில் சிரித்தார்கள்.

“அதையும் நான் பார்க்கல. எழுந்தப்ப கால்மாட்டுல விரிப்பு ஈரமா இருந்தது. அவருக்கு யூரின் ட்யூப் போட்டிருந்தது, அது ஒழுகல. விரிப்பை மாத்தினேன்.”

சிரிப்பு நின்றது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வாய்ப்பே இல்லை என்பதைக் கணவர் காட்டவில்லை, குழந்தை அவருடையதே, மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று நீதிபதி சொல்லச் சொல்ல, தட்டச்சுக்காரர் அடித்தார்.

என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். ஈர விரிப்பும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.