இறக்கைகள் கிள்ளானில் இருந்தன

எண்பதுகளில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கார் போர்ச்சில் இறக்கை இல்லாத ஒரு விமானம் நின்றது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன மர விமானம். மூக்கில் பழைய ஜெர்மன் கார் ஒன்றின் எஞ்சின். எங்கள் கார் வெளியே மழையில் நனைய, அது உள்ளே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சொகுசாக நின்றது. துணி காயப்போடக்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் போக வேண்டும்.

அதைக் கட்டியவர்கள் என் கணவரும் என் அண்ணனும். கணவர் மெக்கானிக், ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து விமானம் ஓட்ட லைசென்ஸும் வாங்கியிருந்தார். அண்ணனுக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் சொந்தமாக நாற்காலி, மேசை செய்யும் பட்டறை. அமெரிக்காவிலிருந்து வரைபடம் வரவழைத்து, உடலும் எஞ்சினும் இவருக்கு, இறக்கை இரண்டும் அவருக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்பட்ட இருவரும் அந்த வரைபடத்தின்மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு நிம்மதி.

இறக்கைகளின் மரவேலை முடிந்தது. துணி போர்த்துவதற்கு முன் பொருத்திப் பார்ப்பதற்காக அண்ணன் லோரியில் கொண்டுவந்தார். கணவர் நடுச்சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். இரண்டு மரத்துண்டுகளைப் பசையால் ஒட்டிச் சேர்த்த இடம் அது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் தனியாக இரண்டு துண்டுகளை ஒட்டி, காய்ந்ததும் உடைத்துச் சோதிக்க வேண்டுமாம். அந்த இணைப்புக்கு மட்டும் அண்ணன் அதைச் செய்திருக்கவில்லை.

"இத ஒட்டுன அன்னைக்கு நல்ல மழை, மச்சான். பசை பிடிச்சிருக்கான்னு வெட்டிப் பார்த்திடலாம்," என்றார் கணவர்.

"நான் செஞ்ச நாற்காலிலதான் கிள்ளானே உக்காருது, மாப்பிள்ளை. என் கைமேலயே சந்தேகமா?"

"நாற்காலி உடைஞ்சா தரையில விழுவோம். இது உடைஞ்சா?"

அண்ணன் வந்த லோரியிலேயே இறக்கைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு என் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. பறக்கப் போகிறவர் என் கணவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணனின் கைவேலையையும் நான் அறிவேன். கிள்ளானுக்குப் போனால், "அவர வந்து கேக்கச் சொல்லு லா," என்பார் அண்ணன். வீட்டுக்குத் திரும்பினால், "நான் என்ன தப்பா கேட்டேன்? வெட்டிக் காட்டச் சொல்லு," என்பார் இவர். தீபாவளிக்கு நானும் மகளும் மட்டும் பலகாரத்தோடு பஸ் ஏறுவோம். அவள் தவழ்ந்தபோது தொடங்கிய சண்டை, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் ஓயவில்லை. இதற்கிடையில் கணவரின் லைசென்ஸும் காலாவதியானது. இரண்டு வளர்ந்த ஆண்களுக்கு நடுவில் தூது போய்ப் போய் எனக்கு நாக்கே வறண்டுவிட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அண்ணனின் பட்டறையில் ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். "நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டா?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, கூரைக்கடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த இறக்கையை இறக்கினார். கணவர் காட்டிய இடத்தை அறுத்து, உளி வைத்துத் தட்டினார். பசை விடவில்லை, பக்கத்து மரம்தான் பிளந்தது. "பார்த்தியா!" என்று நிமிர்ந்தவர், உளியைச் சற்றுத் தள்ளி வைத்தார். அது தட்டாமலேயே உள்ளே இறங்கியது. மேலே தோல்போல் மெல்லிசாக மரம். உள்ளே முழுக்கக் கறையான் மண்.

நான் போன் செய்ததும் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அறுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பசை நல்லாத்தான் பிடிச்சிருக்கு, மச்சான்," என்றார்.

"மரம் போச்சே, மாப்பிள்ளை," என்றார் அண்ணன். இருவரும் ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது.

அந்த விமானம் பறக்கவேயில்லை. இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பங்சாரில் என் மகள் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார்கள். போன வாரமும் சொன்னார்கள்: "அந்தக் கறையான் மட்டும் இல்லேன்னா பறந்திருக்கும் லா."

"கறையானுக்கு அவ்ளோ டைம் குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

இருவரும் ஒரே சமயத்தில் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்கள்.