முட்டை வண்டிக்கு மாட்டிய காற்றுக்குழாய்

என் பேக்கரிக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் முட்டை வரும். கொண்டுவருபவளை நான் அக்கா என்பேன். கடைத்தெருவில் மற்றவர்களுக்கு அவள் முட்டைக்காரம்மா. வெள்ளை பிக்கப்பின் பின்னால் தட்டுத் தட்டாக முட்டை, முன்சீட்டில் சாய்ந்தபடி அவள் கணவர்.

எனக்கு அவர் அண்ணன். மற்ற எல்லோரும் அவரை 'ரிவர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் டிரெய்லர் லாரி ஓட்டியவர். அவ்வளவு நீள வண்டியைக் குறுகலான கேட்டுக்குள் பின்பக்கமாக, ஒரே மூச்சில், ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் நிறுத்துவார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. சொந்தமாக வாங்கியிருந்த பிக்கப்பின் ஸ்டீயரிங் அக்கா கைக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் வாய் ஓயாது. "கிளட்ச மிதிக்கிறியா, துணி தொவைக்கிறியா?" என்பார். "எறங்கி நடந்து வர்றீங்களா?" என்பாள் அக்கா. இப்படியே ஒரு வருடம் ஓடியது.

முட்டை வரும் அதே மூன்று நாளும் அவருக்கு டயாலிசிஸ். கோழிப்பண்ணை மலைக்கு அந்தப்பக்கம். ஆஸ்பத்திரியும் என் கடையும் இந்தப்பக்கம். பதினொரு மணிக்கு அவருக்கு மெஷின். பதினொன்றரை வரை பிடித்துவைத்திருப்பார்கள். அதற்குமேல் காத்திருக்கும் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அதே உயிர்தான்.

மலை ஏற்றம் முன்பெல்லாம் பதினைந்து நிமிடம்தான். அந்த வருட வெயில் காலத்தில் வண்டி இளைக்கத் தொடங்கியது. இரண்டாவது கியருக்கு மேல் போகாது. பின்னால் கறுப்புப் புகை. ஏற்றம் இருபத்தைந்து நிமிடமாக நீண்டது. பண்ணையில் முட்டையை எண்ணி ஏற்றுவதற்குள் ஒன்பதேமுக்கால் ஆகிவிடும் என்பதால் முன்கூட்டிக் கிளம்பவும் வழியில்லை. இரண்டு தடவை மெஷினைத் தவறவிட்டார்கள். முதல் தடவை சாயங்காலம் வரை காத்திருந்து மூன்று மணி நேரம் கிடைத்தது. இரண்டாம் தடவை இரண்டே மணி நேரம். அண்ணனுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி மேலே எழும்ப நேரம் பிடித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினார்.

வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். பத்து நாளாகப் பட்டறை பூட்டிக் கிடந்தது. அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் நடந்தது.

சீட் கவரும் ஏர் ஹாரனும் விற்கும் கடை ஒன்று பெட்ரோல் பங்க் எதிரில் இருக்கிறது. அண்ணன் அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் பளபளக்கும் ஒரு குழாயை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். நுனியில் சிவப்பாக, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர்.

"மனுஷனுக்கு மட்டும் இல்லண்ணே, இன்ஜினுக்கும் மூச்சுதான் முக்கியம். கம்பெனி குடுத்திருக்கிற பெட்டி மூக்கடைச்ச பெட்டி. அத கழட்டிட்டு இத மாட்டுங்க. ஃபில்டர் பம்பருக்குப் பின்னால கீழ வரும். சில்லுனு காத்து வாங்கும். மலைல ஏறுறதே தெரியாது."

அக்கா குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு சுலபமான விஷயம் வண்டி செஞ்சவங்களுக்குத் தெரியாமப் போச்சா?"

கடைக்காரர் சிரித்தார். "அவங்க செலவ குறைக்கத்தான் பாப்பாங்கம்மா."

அக்கா குழாயை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். அப்போது அண்ணன் அவள் கையைப் பிடித்தார். ஒரு வருடமாக அவருக்கு எல்லாவற்றையும் அடுத்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். எத்தனை டம்ளர் தண்ணீர், எந்தக் காய், எந்தக் கையில் ஊசி என்று எதிலும் அவர் சொல் இல்லை.

"வண்டி விஷயத்துலயாவது நான் சொல்றத கேளேன்" என்றார். அந்தக் குரலை அவள் அதற்குமுன் கேட்டதில்லையாம்.

அவள் சரி என்றாள். அண்ணன் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்று கடை ஆட்களை விரட்டி வேலை வாங்கினார். கழற்றிய கறுப்புப் பெட்டியை அக்கா வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

அடுத்த நடையில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி உறுமியது. மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் டேஷ்போர்டைத் தட்டினார். "பாத்தியா! எப்படி இழுக்குது பாத்தியா!" அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். உச்சிக்கு வர இருபத்துநான்கு நிமிடம். ஒரு நிமிடம்தான் மிச்சம். அதுவும் அன்று முன்னால் லாரி எதுவும் இல்லை.

"ஆமாங்க, நல்லா இழுக்குது" என்றாள்.

அன்று அவர் என் கடை வாசலில் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்று, உள்ளே பார்த்து, "தங்கச்சி, சத்தம் கேட்டுச்சா?" என்றார். "தெருவே அதிருதுண்ணே" என்றேன். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அக்கா முட்டைத் தட்டுகளை இறக்கிக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. திங்கட்கிழமை மலைப்பாதையில் மரம் விழுந்து போக்குவரத்தே இல்லை. அன்றைய டயாலிசிஸ் போயிற்று. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஊசியே படாத உடம்போடு புதன்கிழமை கிளம்பினார்கள். அண்ணனால் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. நடுவில் மூச்சு வாங்கினார்.

மலை இறங்கியதும் ஒரு தரைப்பாலம். மழை நாளில் அதன்மேல் தண்ணீர் ஓடும். அன்றும் ஓடியது. அக்கா கரையில் நிறுத்திப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. இவர்கள் வண்டியைப் போலவே ஒரு பிக்கப், அதுவும் வந்து சேர்ந்தது. மணி பத்து ஐம்பது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"முழங்காலுக்குக் கீழதான். ஃபர்ஸ்ட் கியர் போடு. நிக்காம போ" என்றார் அண்ணன். "இத விட ஆழத்துலயும் போயிருக்கோம்."

அவர் சொன்னது உண்மை. ஆனால் அப்போதெல்லாம் வண்டியில் இருந்தது பழைய பெட்டி. அது பானெட்டை ஒட்டி, உயரத்திலிருந்து காற்று வாங்கும். புதிய ஃபில்டரோ பம்பருக்குப் பின்னால், தண்ணீருக்குள் இருந்தது. இருபத்தாறு வருடம் வண்டியோடு வாழ்ந்த மனிதருக்கு அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. இருவர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது.

பாலத்தின் நடுவில் இன்ஜின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. யாரோ உள்ளே கையை விட்டுப் பிடித்து நிறுத்தியதுபோல, 'டக்' என்று ஒரே சத்தம். அக்கா சாவியைத் தொட்டாள்.

"திருப்பாத!" என்று கத்தினார் அண்ணன். பிறகு பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியக் குடிச்சிருச்சு. நான்தான்... நான்தான் கீழ மாட்டினேன்."

தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து அவள் செருப்பை நனைத்தது. மழை நிற்கவில்லை. அக்கா இறங்கி அந்தப்பக்கம் சுற்றிவந்து கதவைத் திறந்தாள். "முதுகுல ஏறுங்க" என்றாள்.

"என்ன விடு. முட்டைய எறக்கு."

"முட்டையா உங்களுக்கு இப்ப பேச்சு? ஏறுங்க!"

வீங்கிய கால்களோடு அவர் அவள் முதுகில் சாய்ந்தார். நாற்பது அடி இருக்கும். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளியது. ஒரு காலை ஊன்றி, அது நிலைத்த பிறகு அடுத்த காலை எடுத்தாள். இரண்டு இடத்தில் வழுக்கியது. அவர் மூச்சு காதருகில் கொரகொரவென்று கேட்டதாம். அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை என்றாள் அக்கா. கரையில் அவரை ஒரு மைல்கல்லில் சாய்த்து உட்காரவைத்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கடந்துபோன இரண்டு கார்கள் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்த மணல் லாரியின் முன்னால் அவள் நடுரோட்டில் போய் நின்றாள். டிரைவர் திட்டிக்கொண்டே தலையை நீட்டினார். அண்ணனைப் பார்த்ததும், "ஐயோ, ரிவர்ஸ் அண்ணனா?" என்று குதித்து இறங்கினார்.

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பன்னிரண்டேகால்.

"அம்மா, பதினொன்னே முக்கால் வரைக்கும் வெச்சிருந்தோம்" என்றார் நர்ஸ். "இப்ப ஆறு மெஷின்லயும் ஆள் இருக்காங்க."

அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு கதவுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் வந்து அண்ணனின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இதயத் துடிப்பைத் தாளில் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஒரு ஊசி போட்டு, மேல் மாடியில் அவசரப் பிரிவுக்கு வைத்திருக்கும் மெஷினைத் தயார் செய்யச் சொன்னார். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

அந்த நாற்பது நிமிடம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்பாள் அக்கா. ஸ்ட்ரெச்சரில் அண்ணன் கண்ணை மூடியபடி சொன்னார்: "போதும். வைத்தியம் வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திரு. இனிமே வேணாம். உடம்பும் போச்சு, உன் வண்டியவும் நான் கொன்னுட்டேன்."

"பேசாதீங்க."

"நான் தொட்டதெல்லாம் நாசம்."

அப்போது அவள் குனிந்து அவர் காதில் சொன்னாள். "இங்க பாருங்க. அந்தக் குழாயால ஒரு நிமிஷம்தான் கொறஞ்சுது. மொத நாளே மணி பாத்தேன். வெறும் சத்தம்தான்னு எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியில சிரிப்ப பாத்துட்டு சொல்லாம விட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னைக்கு அது வண்டில இருந்திருக்காது. தப்புல பாதி என்னோடது. அந்தப் பாதிய என் தலையில வெச்சிட்டு நீங்க மட்டும் எப்படிப் போவீங்க?"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கையெழுத்துப் போடும் தாளைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. மெஷின் வந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உதட்டில் நிறம் திரும்பியது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் ஊர் திரும்பி இன்ஜினைப் பிரித்தார். உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்து கிடந்தது. அக்காவோடு நானும் பட்டறைக்குப் போயிருந்தேன்.

"இன்ஜின் காத்தத்தான் நசுக்கும், தண்ணிய நசுக்க முடியாதும்மா. இரும்புதான் வளையும்" என்றார் மெக்கானிக். "பழைய பெட்டி இருந்திருந்தா வண்டி அலட்டிக்காம தாண்டியிருக்கும்."

"இந்தக் குழாயால பிரயோஜனமே கிடையாதா?" என்று நான் கேட்டேன்.

"பந்தயத்துல ஓட்டுறவங்க மத்த எல்லாத்தையும் மாத்திட்டு, கடைசியா இத மாத்துவாங்க. லோடு ஏத்துற வண்டிக்கு, சேத்துலயும் புழுதிலயும் ஓடுறதுக்கு, கம்பெனி பெட்டிதான். ஃபில்டர ஒழுங்கா மாத்தினாலே போதும்." சொல்லிக்கொண்டே கீழே குனிந்து ஒரு ரப்பர் ஓஸை உருவி எடுத்து வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. "டர்போ தள்ளுற காத்து இன்ஜினுக்குப் போகாம இந்த ஓட்டை வழியா வெளிய போயிருக்கு. அதான் புகை, அதான் இழுக்கல. 'உஸ்'னு சத்தம் வந்திருக்குமே, கேக்கலயா?"

புதிய குழாய் மாட்டும்வரை அப்படி ஒரு சத்தம் இருந்தது அக்காவுக்கு நினைவு வந்தது. மாட்டிய பிறகு உறுமலில் அது அமுங்கிப்போயிற்று. பட்டறை வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அரை மணி நேர வேலை, ஒரு ஓஸ். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டாள்.

உடைத்த வண்டி ஒன்றிலிருந்து பாகங்கள் தேடி எடுத்து இன்ஜினை முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை என் பிரெட் வேன் மலைக்கு அந்தப்பக்கம் போய் அவர்களையும் முட்டையையும் ஏற்றி வந்தது. வேனில் அண்ணன் வாயே திறக்கவில்லை. என் டிரைவர் கிளட்சை என்ன பாடு படுத்தினாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டி திரும்பிய முதல் நாள், புது ஓஸும் பழைய கறுப்புப் பெட்டியுமாக அக்கா மலை ஏறினாள். சத்தமே இல்லாமல் மூன்றாவது கியரில் வண்டி போனது. பதினைந்தாவது நிமிடம் உச்சி.

"ஓஸா?" என்றார் அண்ணன்.

"யாரு சொன்னா?"

"வண்டிதான் சொல்லுது." சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காதாலயே கண்டுபிடிச்சிருக்கணும் நான்."

இறக்கத்தில் அக்கா வேண்டுமென்றே கிளட்சை மிதித்து மிதித்து விட்டாள். அவர் திட்டுவார் என்று பார்த்தாள். மலை முழுக்க இறங்கி முடிந்த பிறகுதான், "போதும், கிளட்ச் தட்டு எரிஞ்சிரும்" என்றார்.

அதன்பின் எட்டு மாதம் இருந்தார். ஒரு நாள்கூட மெஷினைத் தவறவிடவில்லை. அந்த மழை வாரத்தில் பட்ட அடியிலிருந்து இதயம் தேறவில்லை என்றார் டாக்டர். முன்பே பாதி போயிருந்தது என்றும் அவரே இன்னொரு நாள் சொன்னார். எது சரியென்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு புதன்கிழமை, நேரத்துக்கே போய்ச் சேர்ந்து, நாற்காலியில் சாய்ந்து, ஊசி குத்த நர்ஸ் அவர் கையைத் தொட்டபோது உயிர் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அக்கா முட்டையோடு வந்தாள். தட்டுகளை இறக்கி, உடைசல் மூன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவருடைய ஃபைலைக் கொடுக்க வேண்டுமாம். யாரிடமாவது கொடுத்தனுப்பினாலே போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அங்கே அவருடைய பதினொரு மணி நாற்காலியில் யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். அக்காவை யாரென்று தெரியாமல், "உங்களுக்கும் இன்னைக்குத்தான் மொத நாளா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவளுடைய போர்வை நழுவிக் கிடந்ததை எடுத்துக் காலில் போட்டுவிட்டு அக்கா வெளியே வந்தாள்.