வாயை அசைத்தால் போதும்

ஓவேலித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பாடிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார்கள். சந்தோஷத்தில் பாடுவதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஜீப்பில் போன டூரிஸ்ட்டுகள் வண்டியை நிறுத்தி செல்போனில் படம்கூட எடுத்தார்கள். விஷயம் யானை. தேயிலைக்கு நடுவில் போகிற பாதை ஓரிடத்தில் சோலைக்காட்டை ஒட்டி வளையும். அந்த வளைவில் யானை நிற்கும். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். சத்தமில்லாமல் போய் எதிரில் முளைத்தால்தான் அடிக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு சார். பாட்டு தெரிந்தவர் இல்லை. ஆனால் பிள்ளைகள் சும்மா கத்திக்கொண்டு வருவது ஆபத்து என்று அவருக்குப் பட்டது. கத்துகிற பிள்ளைக்குக் காது கேட்காது. அதனால் கணக்கு வாய்ப்பாட்டுக்கு ஒரு மெட்டு போட்டுக் கொடுத்தார். முன்னால் போகும் பிள்ளை சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டும். அந்தத் தட்டுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கால் வைக்க வேண்டும். ‘ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு’ என்று இரண்டு வரி பாடியதும் தட்டு நிற்கும், கால் நிற்கும், குரல் நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். மூங்கில் ஒடிகிறதா, இலை அசைகிறதா, பெரிய வயிறு உறுமுகிறதா. ஒன்றும் இல்லையென்றால், வரிசையின் கடைசியில் வரும் பிள்ளை மட்டும் தனியாக, ‘மூவெட்டு இருபத்துநாலு’ என்று பாடும். கடைசிப் பிள்ளை பின்தங்கவில்லை என்று முன்னால் இருப்பவர்களுக்கு அதில் தெரிந்துவிடும். பிறகு மறுபடியும் எல்லாரும் நடப்பார்கள்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் நடுவில் நடந்தாள். மூன்றாம் வகுப்பில் அவளைக் கடைசியில் போட்டார்கள். அந்த இடத்துக்குக் குரல் வேண்டும். அவளிடம் இருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எதிர் சரிவிலிருந்து, “உன் மக எட்டாம் வாய்ப்பாட்டுல இருக்கா, வளைவு தாண்டிட்டா” என்று என் மனைவிக்குச் சொல்வார்கள். மனைவி அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து மூச்சுவிட்டுக் கொழுந்து பறிப்பாள்.

நான் அப்போது வருஷத்தில் பாதி நாள்தான் அங்கே இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, வயநாட்டில் இஞ்சி, கோயம்புத்தூரில் வார்ப்படம் என்று எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் காலையில் வாசலில் நின்று அந்த வாய்ப்பாட்டைக் கேட்பேன். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு அப்படித்தான் வந்தது.

ஒரு மழைக்கால மாலையில் அந்த வளைவில் ஃபேக்டரி வாட்ச்மேனை யானை அடித்துவிட்டது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் இல்லையென்று பள்ளிக்கூடத்தைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தார்கள். பக்கத்துப் பள்ளி பக்கத்தில் இல்லை. சாரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் ஊட்டிக்கு வந்தோம். காந்தலில் ஒரு அறை, சுவரோடு சுவராக வீடுகள். நான் கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை ஏற்றினேன். மனைவி ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலைக்குப் போனாள்.

மகளைச் சர்ச் நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்றில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே வாரத்தில் ஒரு மியூசிக் பீரியட். கீபோர்டு இருந்தது. வெள்ளையில் நீலப்பூ போட்ட சேலை கட்டிய மிஸ் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் மகள் ஓடி வந்து, “அப்பா, இங்க பாடுறதுக்குத் தனியா பீரியட் இருக்கு” என்றாள். பாட்டுக்கு மார்க் உண்டு என்பதையும் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாடத்தை அந்த ஊர் பாடமாகவே வைத்திருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இரண்டாவது வாரம் அவள் ஓடி வரவில்லை. மிஸ் சொல்லிக்கொடுத்த பாட்டை எல்லாரும் மெல்லப் பாடியிருக்கிறார்கள். இவள் குரல் மட்டும் எதிர் மலைக்குப் போயிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வரி முடிந்ததும் இவள் நின்றுவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் மூன்றாவது, நான்காவது வரிக்குப் போய்விட்டார்கள். பிறகு இவள் மட்டும் தனியாக, முழுத் தொண்டையில், மூன்றாவது வரியை எடுத்திருக்கிறாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றே ‘ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நிற்கும்போதெல்லாம், “டேய், ஸ்பீக்கர்ல கரண்ட் போச்சு” என்பார்களாம்.

“ஏன் நிக்கிற?” என்று கேட்டேன்.

“நான் நிக்கலப்பா. அதுவா நின்னுடுது.”

வீட்டில் பழகச் சொன்னோம். பழக ஆரம்பித்த உடனே பக்கத்து வீட்டு அம்மா சுவரில் தட்டினார். பிறகு நேரிலேயே வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க. புள்ளைய கொஞ்சம் மெல்லப் பாடச் சொல்லுங்க. எங்க ஊட்டுச் சின்னது தூங்கறப்ப தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்குதுங்க.”

“சரிங்க.”

“நல்ல கொரல்தானுங்க. ஆனா இது காந்தலுங்க, காடில்லீங்க.”

ஆண்டுவிழா நெருங்கியபோது மிஸ் என்னை வரச் சொன்னார். சட்டையில் கேரட் மண்ணோடு போய் நின்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான்தான் உட்காரவில்லை.

“நல்ல பொண்ணுங்க. ஆனா குரூப்ல சேர மாட்டேங்கறா. பக்கத்துல இருக்கிற குழந்தையோட கொரலக் கேட்டு, அதுக்குள்ள தன்னோடத வைக்கணும். அதுதான் நாங்க இந்த வயசுல சொல்லித் தர்றது. இவ நடுவுல நிறுத்திடறா. எங்க கத்துக்கிட்டா இத?”

யானையைச் சொன்னேன். தட்டு, கரண்டி, கடைசிப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்தது. கதை கேட்கிற மலர்ச்சி. பக்கத்து மேசை டீச்சரைக் கூப்பிட்டு, “இவர் சொல்றதக் கேளுங்க, எவ்ளோ இன்ட்ரஸ்டிங்” என்றார். அந்த டீச்சரும் வந்து கேட்டார். இரண்டு பேரும் ஆச்சரியப்பட்டு முடித்த பிறகு மிஸ் சொன்னார்.

“இங்க யானை இல்லீங்களே.”

“இல்லைங்க.”

“யாரையும் ஸ்டேஜுக்கு வராம நிறுத்தக் கூடாதுன்னு எங்க ஸ்கூல் ரூல். அதனால பாப்பாவும் நிக்கட்டும். வாய மட்டும் அசைக்கட்டும். சத்தம் வேண்டாம். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னங்க?”

“சரிங்க” என்றேன். நான் வேலை செய்த இடங்களில் எல்லாம் சத்தம் குறைந்தவனுக்குத்தான் மறுநாளும் வேலை இருந்திருக்கிறது. அந்தச் சொல் என் வாயிலிருந்து தானாக வரும்.

வீட்டில் சொன்னபோது மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.”

“அந்த வளைவுல நாள் தவறாம எம் புள்ள பாடித்தான் முன்னால போற அத்தன புள்ளைங்களும் தைரியமா நடந்துச்சு. அவள வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்லுதா ஒரு கீபோர்டு? அதுக்கு நீங்க சரின்னீங்களா?”

“மிஸ் தப்பா ஒண்ணும் சொல்லல புள்ள. அவ பாட்டு நடுவுல நிக்கத்தானே செய்யறா.”

“நிக்காம பாட வச்சா?”

மறுநாளிலிருந்து மனைவியே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். லாட்ஜிலிருந்து வந்ததும் பாத்திரம் கழுவ உட்காருவாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்லுவாள். இரண்டாவது வரி முடிகிற இடத்தில், குரல் நிற்பதற்கு முன்னால், ஈரக்கையால் மகளின் முதுகில் ஒரு தட்டு. “போ, போ, ஒண்ணுமில்ல, போ” என்பாள். சேற்றில் மாட்டிய வண்டியைத் தள்ளுகிற மாதிரிதான் இருக்கும். முதலில் மகள் தட்டு வாங்கியும் நின்றாள். ஒரு நாள் கோபத்தில் அழுதாள்.

“கேக்காம எப்படிம்மா போறது? பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாதுல்ல?”

“பின்னாடி சுவருதான் இருக்கு. போ.”

கொஞ்ச நாளில் நான்கு வரி நிற்காமல் வந்தது. பிறகு பாட்டு முழுவதும் வந்தது. குரலையும் மடக்கக் கற்றுக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் பாடியும் பக்கத்து வீட்டு அம்மா தட்டவில்லை. அந்த மாலை நாங்கள் மூன்று பேரும் பன் வாங்கித் தின்றோம். மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“இப்ப பாடலாம்ல? மிஸ்கிட்ட சொல்லலாம்ல?”

மனைவி லாட்ஜில் அரை நாள் லீவு கேட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். ஹாலில் ரிகர்சல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. மிஸ் கையில் பிள்ளைகளுக்குக் கட்டுகிற ரிப்பன். “எம் புள்ள இப்ப நிக்கறதில்லைங்க, ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க” என்று இவள் சொல்லியிருக்கிறாள். மிஸ் சிரித்திருக்கிறார். “ஐயோ, ரொம்ப சந்தோஷங்க. ஆனா இப்ப எல்லாம் செட் ஆயிடுச்சு. ஒரு கொரல் உள்ள விட்டா மறுபடி மொதல்லருந்து வரணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” மகள் பாடத் தயாராக வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தாளாம். அப்படியே மூடிக்கொண்டாளாம்.

“அந்தம்மாவுக்கு ரெண்டு நிமிசம் இல்ல” என்றாள் மனைவி.

விழாவுக்கு முந்தின நாள் மகள் எங்களிடம் ரகசியமாகச் சொன்னாள். “நான் பாடப் போறேன். மெதுவா, உள்ள வச்சுப் பாடுனா மிஸ்ஸுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் கேக்கும்.” மனைவி அவள் தலையைத் தடவினாள், பாடு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விழாவில் நாங்கள் பின்னால், தூண் பக்கத்தில் நின்றோம். மலையும் மேகமும் குருவியும் என்று மிஸ்ஸே எழுதிய பாட்டு. மகள் கடைசி வரிசையில் ஓரத்தில், தலையில் ரிப்பனோடு நின்றாள். இருட்டிலும் மழையிலும் கூட்டத்திலும் அவள் குரலை என்னால் பிரித்து எடுக்க முடியும். வயநாட்டிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. எல்லாக் குரல்களும் இருந்தன, இது இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் வாய் மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “பாடுனியா?”

“இல்லம்மா. மிஸ் என் பக்கமே பாத்துட்டு நின்னாங்க. அதான் பாடுற மாதிரியே பண்ணுனேன். முடிஞ்சதும் மிஸ் சூப்பர்னு சொன்னாங்க.”

வழியில், விழா பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா எங்களைப் பிடித்துக்கொண்டார். மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

“ஏங்கண்ணு, எவ்ளோ நல்லாப் பாடுன. இப்பத்தான் கேக்கறதுக்குச் சொகமா இருந்துது.”

“தேங்க்ஸ்ங்க” என்றாள் மகள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

விழாவின் வீடியோவைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அதில் என் மகளின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் மிஸ் அவளை முன் வரிசையில் நடுவில் நிறுத்தினார். பாடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று சொன்னதை மிஸ் மறந்திருப்பார். மனைவி மறக்கவில்லை, ஆனால் இன்னொரு அரை நாள் லீவு கேட்டால் லாட்ஜில் ஆளை மாற்றிவிடுவார்கள். நான் கேரட்டை விட்டு ஒரு ஜீப்புக்குக் கிளீனராகப் போயிருந்தேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னதையும் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குச் சுருதி சேரவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் படுத்திருந்தேன். மிஸ் சொல்லி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு அந்தக் குட்டி எங்கள் அறைக்கு வந்தது. என் மகள் அதைக் கட்டிலில் நிற்கவைத்தாள். தான் எதிரில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அடுப்படியில் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது.

“உதட்ட மட்டும் ஆட்டுனா பொய்னு தெரிஞ்சுடும். ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்ச இழுக்கணும், தோளு லேசா ஏறணும். ஆ, ஓன்னு நீட்டுற எழுத்துக்கு வாயப் பெருசா தொற. தொண்டைல மட்டும் எதுவும் வரக் கூடாது. எங்க, பண்ணு.”

குட்டி பண்ணியது. கொஞ்சம் சத்தம் வந்துவிட்டது.

“வருது பாரு, வருது. உள்ளயே புடி.”

மறுபடி பண்ணியது. இந்த முறை வரவில்லை. குட்டிக்குத் தானே சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, அப்ப பாட்ட யாரு பாடுவாங்க?”

“மத்தவங்க பாடுவாங்க” என்றாள் என் மகள். “நீ மூச்ச இழு.”