எழுப்பாமல் விட்ட பகல்

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. தெலுங்கும் உருதும் புழங்கும் மெட்டுகுடாவில் எங்கள் சந்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. அவர் படுத்ததும் நான் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவேன், பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைக்கச் சொல்வேன், பாத்திரம்கூடத் தேய்க்க மாட்டேன். அவ்வளவு சமர்த்து நான்.

என் கணவர் ரத்தினத்துக்கு நாச்சாரத்தில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. ஆள் பற்றாக்குறையால் அடிக்கடி இரட்டை ஷிப்ட் பார்த்தார். தூக்கம் வராமலிருக்க அங்கே பலரும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். முழிப்பு மாத்திரை என்பார்கள். அது எனக்குத் தெரியும். டீ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன். அவருக்குச் சோறு இறங்கவில்லை. பகலிலும் கண்ணை மூட முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

அதற்கு மருந்தாக யாரோ அபின் பழக்கிவிட்டிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. அவர் பகலில் நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். "நாலு மணிக்கு எழுப்பு கலா. நடுவுல எழுப்பாத" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

பதினொரு மணி வாக்கில் குறட்டை கேட்டது. தொண்டையில் சளி நிற்பதுபோல் இழுத்து இழுத்து வந்தது. ஏழு வயது மகள் விஜி கதவோரம் போய் நின்றாள்.

"அம்மா, அப்பா கைக்கு இப்டி சத்தம் பண்றாரு? ஏன்மா? எழுப்பும்மா."

"நக்கோடி, வேணாம். ரெண்டு நாளா தூங்கல அவரு. வெளிய போய் விளையாடு."

கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. அப்பாடா, அசந்து தூங்கிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன்.

விஜியின் பள்ளிச் சீருடையைத் துவைக்க எடுக்க உள்ளே போனபோதுதான் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது. எப்போதோ ஒரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரப்பர் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தினார்கள். டியூட்டி டாக்டர் இமையைத் திறந்து பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. அபின் சாப்பிடுவாரா என்று தெலுங்கில் கேட்டார்.

"எங்க வீட்ல அந்த மாதிரி பழக்கம் எல்லாம் கிடையாது சார்" என்று கோபப்பட்டேன். ரத்தினத்தின் சட்டைப் பையில் மாத்திரையும் அபினும் இருந்தன. அபினை முறிக்கும் மாற்று ஊசி போட்டார்கள்.

டாக்டர் என்னை நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார். மாத்திரையின் வேகம் அபினின் மயக்கத்தை மறைத்து வைத்திருந்தது. மாத்திரை முதலில் தணிந்தது, அபின் தணியவில்லை. அதனால் சுவாச ஒடுக்கம் (மூச்சு விடச் சொல்லும் மூளை அதைச் சொல்லாமல் விடுவது) வந்துவிட்டது. நான் கேட்டது தூங்குகிறவரின் குறட்டை இல்லை, மூச்சுக்கு அவர் பட்ட பாடு என்றார்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"பிழைக்க வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும் அம்மா" என்றார். அவர் என் ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்று அவரை அடியோடு வெறுத்தேன்.

ரத்தினம் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

மாரடைப்பு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நானும் பல வருடம் அதையே சொன்னேன். துக்கத்துக்கு வந்த தொழிற்சாலைக்காரர்கள் அதை நம்பிவிட்டு, அதே மாத்திரைக்குத் திரும்பிப் போனார்கள். அந்தப் பாவமும் என்னுடையதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷிப்ட் வேலைக்காரர் இருக்கும் வீடுகளுக்குச் சொல்கிறேன். அப்படி ஒரு சத்தம் கேட்டால் எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். எழவில்லை என்றால் மானம் மரியாதை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எனக்குப் பகல் முழுக்கக் காதுதான் வேலை செய்கிறது. வீடு அமைதியானால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். விஜி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். லீவு நாளில் அவள் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அவள் கண்ணைத் திறப்பதில்லை.

"ஹவ் மா, ஆமா, இருக்கு மூச்சு. நீ போய்ப் படு" என்கிறாள்.

அன்று அவள் எழுப்பச் சொன்னதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.