அமாவாசை கழிந்து சைனீஸ் ஓட்டல்

ஆரணியில் முதன்முதலாக ஒரு சைனீஸ் ஓட்டல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதைத் திறந்தவருக்கும் சீனாவுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவர் பெங்களூரில் கொஞ்ச காலம் ஓட்டல் வேலை பார்த்தார் என்பதுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிப்படி, அதற்கு மேலே சிவப்புப் போர்டு. போர்டில் டிராகன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெயிண்டரோ கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசிப் பழகியவர். தனக்குத் தெரிந்த யாளியையே கொஞ்சம் நீட்டி, வாயில் நெருப்பை வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

சேதி வந்த அன்று எங்கள் வீட்டில் முகம் மலர்ந்த ஒரே ஆள் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. அம்பத்தூர்க்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே பாக்டரி வேலை. சம்பளம் வந்த அன்று மகளைச் சைனீஸ் ஓட்டலுக்குக் கூட்டிப்போவாராம். ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஒரு கடை, பார்சல் கட்டிக் கொடுக்க இன்னொரு கடை. ஒரு சூப்பை வாங்கி இரண்டு கிண்ணத்தில் பாதிப்பாதி ஊற்றித் தரச் சொல்லி, அப்பாவும் மகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்களாம். எனக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. சிவப்பு விளக்கும், இடியாப்பத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும் நூடுல்ஸும்தான் ஏறின. ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டே சித்தி சொல்லுவாள், நான் வாயைப் பிளந்து கேட்பேன்.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும். கூடத்தில் இரண்டு குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவை. ஒன்றில் அப்பா, ஒன்றில் சித்தப்பா. தறிகள் எடுத்துக்கொண்ட இடம் போக மிச்சத்தில் நாங்கள் குடியிருந்தோம். இருட்டினால் ஆண்கள் தெருவாசலில் பாய் போடுவார்கள், பெண்களும் குழந்தைகளும் தறிகளுக்கு நடுவே. தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டும். தறி நின்றால் குசுகுசுவென்று பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். சித்தப்பா அதிகம் பேசாத மனுஷன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டலுக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று சித்தி கேட்டாள். சித்தப்பா சரி என்றார். எப்போது என்பதில்தான் சிக்கல். தறிக்கு லீவு அமாவாசை அன்று மட்டும். மற்ற நாளில் குழியை விட்டு எழுந்து ஓட்டலுக்குப் போவது என்பது எங்கள் தெருவில் யாரும் செய்யாத காரியம். அமாவாசை அன்றோ படையல் போட்டுச் சாப்பிடுகிற வீடு, வெங்காயம்கூட உள்ளே வராது. அன்றைக்குப் போய் வெளியே சாப்பிடுவதா?

"அமாவாச அதுவுமா ஓட்டல்ல போயி கண்டதையும் துன்றதா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

ஆக, போகக்கூடிய நாளில் சாப்பிடக் கூடாது, சாப்பிடக்கூடிய நாளில் போகக் கூடாது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யார் போய்வந்தாலும் சித்தி அந்த ஓட்டல் இன்னும் இருக்கிறதா என்று விசாரிப்பாள். எங்கே மூடிவிடப் போகிறார்களோ என்று அவளுக்குப் பயம். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சுற்று வழியில் போய் யாளியைப் பார்த்துவிட்டு வந்து, "கீது சித்தி" என்று சொல்வது என் வேலையாகப் போயிற்று.

வழியைக் கண்டுபிடித்தவளும் சித்திதான். எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் பொறுப்பு. ஒருநாள் சித்தி என் பக்கத்தில் வந்து நின்று, வரப்போகிற தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு தாளில் விரலை வைத்துச் சிரித்தாள். அந்த அமாவாசை திதி பிற்பகலோடு முடிகிறது என்று போட்டிருந்தது. அதாவது சாயங்காலம் அமாவாசை இல்லை. ஆனால் தறிக்கு லீவு மறுநாள் காலைவரை உண்டு.

அப்பா இந்த விஷயத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் காலண்டரில் போட்ட நிமிஷத்தில் பிறந்து, போட்ட நிமிஷத்தில் சாகின்றன என்று சாதிக்கிறவர் அவர். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார், கிட்டத்தில் பிடித்துப் படித்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ரெண்டு பேரு மட்டும் போனா தெரு சிரிக்கும். பாப்பாவ இட்டுக்கினு போங்க."

புதுசாகக் கல்யாணமானவர்கள் வெளியே போனால் கூட ஒரு குழந்தையை அனுப்புவது அப்போது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

கோட்டை மைதானத்தை ஒட்டி நடந்தோம். சித்தப்பா பத்தடி முன்னால், சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். யாராவது பார்த்தால் அவர் வேறு ஏதோ வேலையாகப் போகிறவர் என்று நினைக்க வேண்டும். மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. அப்படி ஒன்றில் உட்கார்ந்தோம். சித்தி படபடவென்று ஆர்டர் சொன்னாள். அவள் அப்படிக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு சூப், இரண்டு கிண்ணத்தில். ஒரு நூடுல்ஸ் எனக்கு, பெரிய தட்டில். மேஜையில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று பாட்டில்.

நூடுல்ஸ் வந்ததும் நான் உலகத்தை மறந்தேன். ஆனால் சாப்பிடத் தெரியவில்லை. நெசவுக்காரர் வீட்டில் பிறந்த பெண் நான். நூலில் சிக்கு விழுந்தால் நுனியைத் தேடி எடுத்துப் பிரிக்க வேண்டும், அறுத்தால் முதுகில் அடி விழும். அதனால் தட்டில் நுனியைத் தேட ஆரம்பித்தேன். ஒரு நுனியைப் பிடித்து, எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துப் பார்த்து உருவினேன். பாதியில் அது அறுந்தால் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்துகொள்வேன். அவர்கள் பேசியதில் என் காதில் விழுந்தது, அப்படி நிமிர்ந்த நேரங்களில் விழுந்ததுதான்.

"நீங்க பேசற குரலே எனக்கு மறந்துபோவுதுங்க" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு ரூம் போதும். கதவு இருந்தாப் போதும்."

சித்தப்பா சூப்பை ஒரு வாய் குடித்து, கஷாயம் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"அண்ணங்கிட்ட இன்னான்னு சொல்றது?" என்றார். "எனக்குத் தறிய விட்டா இன்னா தெரியும்?"

சித்தி அவள் அப்பாவின் பாக்டரியைப் பற்றி ஏதோ சொன்னாள். நான் அடுத்த நுனியைத் தேடப் போய்விட்டேன். மறுபடி நிமிர்ந்தபோது சித்தப்பா எழுந்து திரையின் ஓரத்தைப் பிடித்து, கொஞ்சங்கூட இடைவெளி இல்லாமல் இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு சூப் சொன்னார். அதற்கும் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் ஒவ்வொரு ஸ்பூனாக, வெகு மெதுவாகக் குடித்தார். இவ்வளவு பிடிக்காததை ஏன் இரண்டாவது தடவை வாங்கினார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு, என்ன பேசினார்கள் என்று கேட்டாள். அறுந்துபோன நூடுல்ஸ், மூன்று பாட்டில், திரையில் இருந்த பூ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சித்தப்பா இரண்டு சூப் குடித்ததைச் சொன்னபோது கூடத்தில் அப்பா சத்தமாகச் சிரித்தார். வீட்டில் இருந்தவர்களுக்காக நாங்கள் வாங்கிவந்த நூடுல்ஸ் பார்சலை எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டு முழுசும் சாப்பிட்டவரும் அவர்தான்.

தை பிறந்ததும் சித்தப்பாவும் சித்தியும் அம்பத்தூருக்குப் போய்விட்டார்கள். அப்பா தடுக்கவில்லை, வழியனுப்பவும் எழுந்து வரவில்லை. அன்று முழுவதும் தன் தறியில் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து நெய்துகொண்டே இருந்தார். ஒரு தறிச் சத்தம் மட்டும் கேட்கிற வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. காலண்டர் தாள்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிற்பகலோடு முடிகிற இன்னொரு அமாவாசை அகப்பட்டது. "சித்தி" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடிவந்தேன். சித்தப்பாவின் குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பலகைமேல் உட்கார்ந்து அழுதேன். இப்போதும் எங்காவது சோயா சாஸ் வாசனை வந்தால் எனக்கு முதலில் வருவது பசியில்லை, அந்த அழுகைதான்.

முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அம்பத்தூருக்கு அனுப்பினார்கள். உண்மையான சைனீஸ் ஓட்டலைப் பார்க்கப் போகிறேன் என்று பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை. சித்தியின் வீடு ஒரே ஒரு ரூம்தான். சித்தப்பா சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததிலிருந்து பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். சித்தி கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியும் ஓட்டல் பேச்சே வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

சித்தி சிரித்தாள். "ஓட்டலு எதுக்குடி கண்ணு? இப்பதான் நமக்கு வூடு இருக்குதே."

அன்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் வாங்கித் தந்த ஐஸ்கிரீம்கூட என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

ஆரணிக்குத் திரும்பியதும் அம்மாவிடம் குற்றப்பத்திரிகை வாசித்தேன். சித்தி மாறிவிட்டாள், கஞ்சப் பிசினாறி ஆகிவிட்டாள், ஓட்டல் வாசலைக்கூடக் காட்டவில்லை. அம்மா ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்ததால் என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அந்த ரூமுக்குக் கதவு கீதா?"

"கீதும்மா. பச்ச பெயிண்டு. உள்பக்கம் தாப்பாகூட கீது" என்றேன்.

அம்மா ராட்டினத்தை வேகமாகச் சுற்றினாள், நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுச் சுற்றினாள், மறுபடி அறுந்தது. அம்மா கையில் நூல் அறுந்து நான் பார்த்தது அன்றுதான். என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போகாததற்காகச் சித்திமேல் அவளுக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.