மீன்காரர் கண்டது

வில்லரேப் பகுதியில் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில், தூறலில் நனைந்த பெட்டிக்குள் அந்த நாவல் கிடந்தது. விரித்ததும் ஈரக் காகித மணம். கூடவே நாங்கள் முன்பு இருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதி அறையின் செத்தல் மிளகாய் நெடியும் வந்துவிட்டது. என் மூக்குக்கு ஒழுங்கு கிடையாது.

எண்பதுகளில் அந்த அறையில் அகதி வழக்குக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால், ஞாயிறு மத்தியானங்களில் புத்தகம் வாசித்துத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அமெரிக்க அடிமைகளைப் பற்றிய நாவல் அது. பருத்திக் காட்டுப் பெண் ஒருத்தி தன் தாய் சொன்னதைச் சொல்கிறாள். தாய்க்குச் சொன்னவள் சமையற்காரி. அவளுக்குச் சொன்னவன் குதிரைக்காரன். எல்லாம் பாதி எழுத்தை விழுங்கிய பேச்சு ஆங்கிலம். கண்ணால் படித்தால் விளங்காது; வாய்விட்டு வாசித்தால்தான் ஆள் எழும்பி வருவாள். நானோ அவளைத் தலையங்கத் தமிழில் பேசவைத்தேன்.

"அண்ணை, அவள் என்ன ரேடியோச் செய்தியோ வாசிக்கிறாள்?" என்பான் தவம்.

டவுன்டவுன் உணவகத்தில் கோப்பை கழுவிய மட்டக்களப்பு யோகன் மட்டும் சிரிக்கமாட்டான். "சொன்ன ஆக்கள் ஒருத்தரையும் விடாமச் சொல்றா கா. எங்கட அம்மாவும் இப்பிடித்தான்."

அவன் வழக்கும் அப்படித்தான். ஊரில் தம்பியை ஆமிக்காரர் பிடித்ததை அவன் காணவில்லை. கண்டவர் மீன்காரர், அவர் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லி, அக்கா அம்மாவுக்குச் சொல்லி, அம்மா இவனுக்குச் சொன்னது.

விசாரணைக்கு முதல் அறையில் ஒத்திகை பார்ப்பது எங்கள் வழக்கம். ஏற்கெனவே வழக்கு வென்ற தவம்தான் நீதிபதி. கவிழ்த்த வாளிதான் ஆசனம்.

"அம்மா சொன்னவ, அக்கா சொன்னவ எண்டு இழுக்காதை. நான் கண்டனான் எண்டு சொல்லு."

"நான் காணல்லயே."

"அம்மாவோ இஞ்ச வந்து சாட்சி சொல்லப்போறா?"

விசாரணையில் யோகன் கண்டதாகவே சொன்னான். எங்கே நின்றாய், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். அவனிடம் நின்ற இடம் இல்லை. வழக்குத் தோற்றது.

யோகன் அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தான்.

"இப்ப மீன்காரர் கண்டதும் பொய்யாப் போயிட்டு."

தவம் ஊற்றிய தேநீரை ஒருவரும் குடிக்கவில்லை. அடுத்த கிழமை யோகனின் படுக்கையில் போர்வை மடித்துக் கிடந்தது; ஆளில்லை. நாவலின் மிச்சத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை.

யோகன் அமெரிக்க எல்லை தாண்டிவிட்டான் என்று டொரொண்டோவில் ஒருவர் சொன்னதாகப் பின்னாளில் தவம் சொன்னான். அவருக்கு, கண்ட யாரோ சொன்னாராம். அந்த யாரோவின் பெயரைத் தவம் கேட்டு வைக்கவில்லை. தவமும் இப்போது இல்லை.