வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டினேன்

என் வீட்டுக்காரர் வேலை செய்த வளைகுடாத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததை நான் ஆங்கிலத்தில்தான் முதலில் கேட்டேன். சென்ற வருடம் வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் டிவி முன்னால் நின்றேன். அவர் போனுக்கு அடித்தால் மணியே போகவில்லை. அங்காளம்மா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. மேல்மலையனூர்த் தாய் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி நம் அமாவாசைக் குழுவில் பல மாதமாகக் கேட்கிறீர்கள். வெட்கத்தால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செல்வி. செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். சிங்கவரம் பக்கமிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள்தான் அதிகம். பாடப் புத்தகத்தில் படிக்கும் வார்த்தை மறுநாளே அவர்களுக்கு மறந்துவிடும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலம் ஏதாவது வெளிநாட்டு ஆங்கிலச் செய்தியைப் போடுவேன். புது வார்த்தையை முதலில் பிடிக்கிறவருக்கு ஒரு பாயிண்ட். அர்த்தம் சொன்னால் இன்னொரு பாயிண்ட். பிறகு எல்லோரும் சேர்ந்து அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பலன் இருந்தது. மார்க் ஏறியது. பெற்றோர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உலகம் அமைதியாக இருக்கும் நாளில் எங்களுக்கு வார்த்தை தேறாது. மாநாடு, கைகுலுக்கல் என்று செய்தி சப்பென்று போகும். எங்காவது பூகம்பம், படகு கவிழ்ந்தது, குண்டு விழுந்தது என்றால்தான் எங்களுக்கு நல்ல வேட்டை. காஷுவால்டி, ஸ்ட்ராண்டட், எவாக்குவேட் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

ஒருநாள் ஒரு பெண்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மிஸ், எங்கயோ பெரிய பில்டிங் இடிஞ்சிடுச்சாம். சீக்கிரம் டிவி போடுங்க மிஸ்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்தேன். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

என் வீட்டுக்காரர் குமார் அந்தத் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை பள்ளிக்கூடமே போகாதவர். டியூஷன் நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்வார், மல்லாட்டை உரித்துக் கடலை எடுப்பார். நாங்கள் போடும் கூச்சல் அவர் காதில் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தமிழ்ச் சேனல்களில் ஒரு வரி ஓடியதோடு சரி. விவரமெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னார்கள். அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா சொல்றான்?"

"பேச்சுவார்த்தை நடக்குதாம் அத்தை. எல்லாரையும் பத்திரமா வெச்சிருக்காங்களாம்."

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொய் சொல்லாத செல்வி. காஷுவால்டின்னு ரெண்டு வாட்டி சொன்னான். உன் பசங்க கத்துதுங்களே, அதானே அது. செத்துப்போனவங்கதானே."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தவிக்கும் தாய்க்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது என் வீட்டு முன்னறை. பாயிண்ட் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.  அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கம்பெனி நம்பருக்கு அடித்தோம், தெரிந்தவர்களையெல்லாம் கேட்டோம். ஒரு தகவலும் வரவில்லை. அந்த வாரமே அமாவாசை வந்தது. அத்தையால் ராத்திரி ஊஞ்சல் உற்சவம் வரை உட்கார முடியாது. அதனால் பகலிலேயே ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போனோம்.

கூட்டம் நெருக்கித் தள்ளியது. கோயில் புற்றின் முன்னால் நின்றபோது நான் வேண்டியதை அப்படியே எழுதுகிறேன். "தாயே, செத்தவங்க கணக்குல என் வீட்டுக்காரர் இருக்கக் கூடாது. வேற யாராவதா இருக்கட்டும்."

கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் அந்த வேறு யாரையோ வைத்துத்தானே நான் பாடம் நடத்தினேன். மயானத்தைக் காக்கிற தாயிடமே நின்று, சாவை வேறு வீட்டுக்கு அனுப்பு என்கிறேன். வேண்டுதலை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மாற்றவில்லை. மாற்றினால் இவர் போய்விடுவாரோ என்று பயம். புற்று மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், வளத்தி தாண்டும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏம்மா, நான்தான். நல்லா இருக்கேன். கையில மட்டும் கட்டு போட்டிருக்குது."

 போனை அத்தையிடம் கொடுத்தேன். அத்தை, "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டார். விஷயம் தெரிந்து பஸ்ஸில் இருந்தவர்கள் அங்காளம்மா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அழுதேன், கும்பிட்டேன். அந்த நிமிஷத்தின் சந்தோஷம் பொய்யில்லை.

போன் மறுபடி என் கைக்கு வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். "ரூம்ல இருந்த பிஜய் போய்ட்டான்மா."

பிஜய் ஒடிசாக்காரர். இவர் வீடியோ காலில் பேசும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, வணக்கம்" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நான் கேட்ட வேறு யாராவது அவர்தான்.

இவர் ஊருக்கு வந்து சேர்ந்ததும் பிஜய் வீட்டில் பேச வேண்டும் என்றார். அங்கே பிஜயின் மனைவிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே, நீயே பேசு" என்று போனை நீட்டினார். அந்தப் பெண் ஹலோ என்றதும், செய்தியில் பொறுக்கிய வார்த்தைகளெல்லாம் வாய்வரை வந்தன. ஒன்றும் உதவவில்லை. அந்தப் பெண்ணும் அவற்றைக் கேட்கவில்லை. அன்றைக்குப் பிஜய் சாப்பிட்டாரா என்றுதான் கேட்டாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாதான் சாப்ட்டோம். சிரிச்சிக்கினேதான் போனான்" என்றார்.

சாப்பிட்டார், சிரித்தார் என்று சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலம் அது. அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு எனக்கு நன்றி சொன்னாள். கோயிலில் நான் என்ன கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரை சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பிஜயை எடுத்துக்கொண்டு இவரைக் கொடுத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். தாய் பேரம் பேசுகிறவள் இல்லை. அவ்வளவு கேவலமாகக் கேட்டவளையும் விரட்டாமல் என் வீட்டுக்காரரை அனுப்பிவைத்தாள். இப்போது அவர் உள்ளூரிலேயே வயரிங் வேலை பார்க்கிறார். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மனசு நிறைகிறது, கூடவே குறுகியும் போகிறது. டியூஷனில் இன்றும் செய்தி போடுகிறேன். பாயிண்ட் கிடையாது, கத்துவதும் கிடையாது. ஒரு வார்த்தை கிடைத்தால், அந்த ஊர் எங்கே, அங்கே இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று பேசிவிட்டுத்தான் அர்த்தத்துக்குப் போகிறோம். வார்த்தை குறைவாகத்தான் தேறுகிறது.

சொந்தங்களே, தாயை நம்புங்கள். எந்த வாயோடு போனாலும் அவள் கேட்பாள், அதற்கு நானே சாட்சி. ஆனால் கேட்பதைப் பார்த்துக் கேளுங்கள். அமாவாசைக்கு அமாவாசை பிஜயின் மனைவி பேரையும் பிள்ளை பேரையும் சொல்லி அர்ச்சனை செய்கிறேன். பூசாரி நட்சத்திரம் கேட்டால் தெரியாது என்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பேர்களைச் சொல்லி முடித்த பிறகு, டிவியில் பார்த்த யாரோ ஒருவருக்காக ஒரு சூடம் ஏற்றுங்கள். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.